புண்ணாக்கா, கரைசலா, குருணையா? மொட்டை மாடி போன்சாய்க்கு எந்தக் காலத்தில் எந்த உரம்

போன்சாய் வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, உரக்கடையில் நின்றுகொண்டே கைபேசியில் கேட்பவை. ஒரு கையில் கடலைப் புண்ணாக்குப் பொட்டலம், எதிர் அலமாரியில் நீரில் கரையும் 19:19:19 உரம், அதற்குப் பக்கத்தில் மீன்முட்டை போல உருண்டு திரண்ட, பிசின் பூசி சத்தை மெல்லக் கசியவிடும் குருணை. எதை வாங்குவது? கடைக்காரரைக் கேட்டால் மூன்றையும் வாங்கச் சொல்வார். வாங்கியவர் மூன்றையும் போடுவார். அடுத்த மாதம் "இலை நுனி கருகுகிறது" என்று படம் வரும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் காலண்டர். நம் கைக்கு வரும் போன்சாய்க் குறிப்புகளில் பெரும்பாலானவை ஜப்பானையோ மேற்கு நாடுகளையோ மனத்தில் வைத்து எழுதியவை. வசந்தத்தில் தொடங்கு, கோடை உச்சியில் நிறுத்து, இலையுதிர் காலத்தில் மீண்டும் கொடு, பனிக்காலத்தில் கை வைக்காதே என்பார்கள். சென்னையிலோ மதுரையிலோ வசந்தம் எது, இலையுதிர் காலம் எது? இத்தி மரத்துக்குப் பனிக்காலமே கிடையாது. ஆனால் அந்தக் காலண்டரில் நமக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ஜூனில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நீளும் மழைக்காலத்தில் ஜப்பானியர்கள் உர உருண்டைகளைத் தவிர்ப்பார்கள். நாம் அதைப் படித்துவிட்டு ஜூனில் நிறுத்துகிறோம். நம் அடைமழையோ ஐப்பசியில் வருகிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது மாதத்தின் பெயரை அல்ல, மழையை.

எதை வைத்து அளப்பது

உரத்தின் பையில் அச்சிட்ட எண்களைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் மாடியைப் பாருங்கள். என் அளவுகோல்கள் இவை.

முதலாவது மழை. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. ஆறு சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டுத் தொட்டியில் ஒரு நாள் கனமழை பெய்தால் கரைந்து நிற்கும் சத்தெல்லாம் வடிகால் துளை வழியே போய்விடும். எந்த உரம் போனால் கவலையில்லை, எது போனால் கைக்காசு போச்சு என்பது முதல் கேள்வி.

இரண்டாவது வெயில். அக்னி நட்சத்திர நாள்களில் சிமெண்ட் தளத்தின் மேல் இருக்கும் சிறிய தொட்டி, காலையில் குடித்த தண்ணீரை மதியத்துக்குள் விட்டுவிடும். தண்ணீர் போகும், உரத்தின் உப்பு போகாது. வேரைச் சுற்றி அது செறிந்துகொண்டே வரும்.

மூன்றாவது மண்ணின் துளைகள். நம்மில் பலர் செங்கல் ஜல்லியும் கரடுமுரடான மணலும் கொஞ்சம் மட்கிய உரமும் கலந்த கலவையில் வளர்க்கிறோம். அதன் உயிரே நீர் வடிவதில்தான் இருக்கிறது. தூளாக விழும் எந்த உரமும் ஒரு வருடத்தில் அந்தத் துளைகளை அடைக்கும்.

நான்காவது உங்கள் கை. வாரம் ஒருமுறை தவறாமல் கலக்கி ஊற்றுவீர்களா, மாதத்தில் பத்து நாள் வெளியூரா?

ஐந்தாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல்: மரம் என்ன செய்துகொண்டிருக்கிறது? அடிமரம் பருக்க வேண்டிய இளம் மரத்துக்கும், கிளை நுனிகள் நுணுக்கமாகி இலை சிறுத்துவிட்ட முதிர்ந்த போன்சாய்க்கும் ஒரே அளவு உரம் போட்டால், பின்னது ஆறு மாதத்தில் பத்து வருட வேலையைக் கலைத்துவிடும். கணு இடைவெளி நீண்டு, இலை உள்ளங்கை அளவுக்கு விரியும்.

| | புண்ணாக்குப் பொட்டலம் | ஊறல் கரைசல், பஞ்சகவ்யம் | நீரில் கரையும் உரம் | பூசிய குருணை |
|---|---|---|---|---|
| கடும் வெயிலில் | தாங்கும். காய்ந்தால் வேலை நிற்கும் | நீர்க்க ஊற்றினால் சரி | பாதி அளவு, ஈர மண்ணில் மட்டும் | ஆபத்து |
| அடைமழையில் | அழுகும், புழு வைக்கும் | வீண் | வெயில் இடைவெளியில் சிறந்தது | வெளிவருவது வெளிவந்தபடி கழுவிப் போகும் |
| மண் துளை | துணியில் கட்டினால் பாதிப்பு குறைவு | வடிகட்டாவிட்டால் அடைக்கும் | அடைக்காது. உப்பு தங்கும் | அடைக்காது |
| கைவேலை | 40–45 நாளுக்கு ஒருமுறை | மிக அதிகம் | வாரம் ஒருமுறை | சில மாதங்களுக்கு ஒருமுறை |
| நினைத்தவுடன் நிறுத்த | முடியும் | முடியும் | முடியும் | கடினம் |
| மறைந்த செலவு | காக்கை, நாய், எலி | அக்கம்பக்கத்தார் | மிகையான மணிச்சத்து (பாஸ்பரஸ்) | ஒரு தவறு, ஒரு மரம் |

புண்ணாக்கு

என் மாடியில் வருடத்தில் ஏழு மாதம் இதுதான். அதனால் கொஞ்சம் சாய்ந்தே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தலா ஒன்றரைக்குள். வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீதம். ஜப்பானியர்கள் உருண்டை பிடிக்கும் கடுகு இனப் புண்ணாக்கும் ஏறத்தாழ இந்த வேப்பம் புண்ணாக்கின் கணக்கில்தான் வரும். ஆக, அங்கிருந்து விலை கொடுத்து உருண்டை வரவழைக்கத் தேவையில்லை, செக்கடிக்குப் போனால் போதும்.

புண்ணாக்கின் சத்து நேரடியாக வேருக்குப் போவதில்லை. நுண்ணுயிர்கள் அதை உடைக்க வேண்டும். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் வேகமாக உடைக்கும், குளிர்ந்தாலோ காய்ந்தாலோ மெதுவாகும். மரம் வளரும் சூழ்நிலையும் அதுவே. மரம் கேட்கும்போது கொடுக்கும், கேட்காதபோது கையை இழுத்துக்கொள்ளும். இந்த ஒத்திசைவு விலை உயர்ந்த எந்தக் குருணையிலும் கிடையாது.

கடலையும் வேம்பும் சரிபாதி பொடித்துக் கலக்கிறேன். பழைய மல் வேட்டியை எட்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நடுவில் ஒரு தேக்கரண்டி குவித்து (ஐந்து கிராம் வரும்) நூலால் கட்டினால் பொட்டலம். மரத்துக்குக் கட்டிக் கழற்றிய கம்பியின் துண்டுகளைக் கொண்டை ஊசி போல வளைத்து, தொட்டி ஓரத்தில் மண்ணோடு சேர்த்துக் குத்திவிடுவேன். முப்பதுக்கு இருபது சென்டிமீட்டர் தொட்டி என்றால், பருக்க வேண்டிய மரத்துக்கு நான்கு பொட்டலம், முதிர்ந்த மரத்துக்கு இரண்டு. அடிமரத்தை ஒட்டி வைக்கக் கூடாது, உறிஞ்சும் வேர்கள் ஓரத்தில்தான் இருக்கின்றன. மூன்று வாரம் கழித்து ஒரு பொட்டலத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடியில் மண் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குள் நூல்நூலாக வெள்ளை வேர்கள் மேல்நோக்கி வந்து துணியின் இழையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஏன் துணி? தூளை அப்படியே தூவினால் மழைக்குப் பசையாகி மேல்மண்ணில் படலம் கட்டும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து போகும். வெளியில் ஈரம், உள்ளே காய்ந்த மண். மரம் வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். இப்படிப் போன மரங்களை எண்ணினால் எனக்கு ஒரு கை போதாது.

மறைந்த செலவுகளுக்கு வருவோம். காக்கைக்குக் கடலைப் புண்ணாக்கு என்றால் விருந்து. கம்பி குத்தாத பொட்டலம் மறுநாள் தண்ணீர்த் தொட்டியின் மேல் கிடக்கும். வேம்பு கலந்தால் ஓரளவு அடங்கும். வீட்டில் நாய் இருந்தால் ஆமணக்குப் புண்ணாக்கை வாங்கவே வாங்காதீர்கள். அது நாய்க்கு உயிர்போகும் நஞ்சு, வாசனையோ சுண்டி இழுக்கும். எலும்புத்தூளைக் கலக்கச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. நான் விட்டுவிட்டேன். அமிலத் தன்மையுள்ள மண்ணில்தான் அது கரையும், நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் வருடக்கணக்காக ஊறிய செங்கல் ஜல்லியில் அப்படியே கிடக்கும். நாய்க்கும் எலிக்கும் மட்டுமே அதனால் லாபம்.

ஊறல், பஞ்சகவ்யம்

கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவது நம் வீட்டுத் தோட்டங்களின் பழைய வழக்கம். மரம் நன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: மூன்றாம் நாள் வாளியின் மூடியைத் திறப்பதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்திருப்பார். தவிர, வாளிக்கு வாளி செறிவு மாறும். எவ்வளவு கொடுத்தோம் என்று தெரியாமலேயே கொடுக்கிறோம்.

பஞ்சகவ்யத்தை உரம் என்று நினைப்பதுதான் தவறு. லிட்டருக்கு 30 மில்லி வீதம், அதாவது 3 சதவீதக் கரைசலாகத் தெளித்தால் துளிருக்கு நல்ல ஊக்கம். சத்தின் அளவு குறைவு. அதை மட்டும் கொடுத்து ஒரு புளிய மரத்தை வருடம் முழுக்க வைத்திருந்தால் இலை பளபளக்கும், அடிமரம் அப்படியே இருக்கும். மாடு இருக்கும் வீடு, தரையில் தோட்டம், மரம் இரண்டு மூன்று என்றால் இந்த வழி சரி. முப்பது தொட்டிக்காரருக்குச் சரிப்படாது.

நீரில் கரையும் உரம்

19:19:19 பையைக் கண்டாலே இயற்கை வழிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. மரம் உறிஞ்சுவது கடைசியில் நைட்ரேட்டும் அம்மோனியமும்தான், அது எங்கிருந்து வந்தது என்று வேர் விசாரிப்பதில்லை.

லிட்டருக்கு அரை கிராம் கலந்தால் அதில் தழைச்சத்து ஏறத்தாழ 95 மில்லிகிராம். பத்து கிராம் கடலைப் புண்ணாக்கில் 700 மில்லிகிராம். அதாவது அந்தப் பத்து கிராம் புண்ணாக்கும் ஏழு லிட்டர் கரைசலும் தாளில் ஏறத்தாழ சமம். தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் வாரம் ஒருமுறை ஊற்றினால் அந்த ஏழு லிட்டர் மூன்று மாதத்துக்கு மேல் வரும். 'ரசாயன உரம் வீரியம்' என்று பயப்படுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அரை கிராமில் வீரியம் இல்லை. "கொஞ்சம் கூடப் போட்டால் என்ன" என்று ஒரு கைப்பிடி போடுவதில் இருக்கிறது.

குறை வேறிடத்தில். மரத்துக்குத் தழைச்சத்து வேண்டிய அளவுக்கு மணிச்சத்து வேண்டாம். இந்தப் பையிலோ தழை, மணி, சாம்பல் மூன்றும் சமம், 19:19:19 என்பதன் பொருளே அதுதான். மிகுந்த மணிச்சத்து மண்ணில் தங்கி இரும்பையும் துத்தநாகத்தையும் வேருக்கு எட்டாமல் செய்யும். கடின நீர் ஊற்றும் மாடிகளில் இது இரட்டை அடி. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை, அதற்கு இன்னும் 19:19:19 போடுவது எரிகிற தீயில் எண்ணெய். முதிர்ந்த அடியிலைகள் முழுசாக மஞ்சளானால்தான் தழைச்சத்துப் பசி. இரண்டையும் பிரித்தறியாமல் உரம் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று: இந்த உரத்தின் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கும். யூரியா உடைவதற்கு முன் மண்ணில் ஒட்டாது. ஊற்றிய மாலையே மழை பெய்தால் பெரும்பகுதி சாக்கடைக்கு. ஆகவே வானத்தைப் பார்த்துவிட்டுக் கலக்குங்கள். காய்ந்த மண்ணில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், கால் மணி நேரம் கழித்து உரத் தண்ணீர். மாதம் ஒருமுறை வடிகாலில் தாராளமாக ஓடும்வரை வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு குறையும்.

பூசிய குருணை

பிசின் பூசிய இந்த மணிகளின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. ஒருமுறை தூவினால் ஆறு மாதம் கவலையில்லை என்று பையில் எழுதியிருக்கும். அந்த ஆறு மாதக் கணக்கு 21 டிகிரி வெப்பத்துக்கானது. பூச்சின் வழியே சத்து கசியும் வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பம். மே மாதச் சென்னையில் சிமெண்ட் தளத்தின் மேல் கறுப்புத் தொட்டியின் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள், விரலை எடுத்துக்கொள்வீர்கள். ஆறு மாதத்துக்கான சத்து அதில் பாதிக் காலத்தில்கூட வெளியேறலாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சித்திரைக் கடைசியில் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. எட்டு நாள். பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் ஊற்றுவான், உரத்துக்கு எதற்கு அவனைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று பதினோரு வயது இத்தி மரத்துக்கு இரண்டு தேக்கரண்டி குருணையைத் தூவி, மேல்மண்ணைக் கிளறி மூடிவிட்டுப் போனேன். கிளறியதில் எத்தனை மணிகள் உடைந்தனவோ. பையன் காலையில் ஒருவேளைதான் ஊற்றியிருக்கிறான், அவனைக் குறை சொல்ல முடியாது, நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். திரும்பி வந்தபோது இலைகளின் ஓரமெல்லாம் பழுப்பு நாடா தைத்தது போல இருந்தது. மேல்மண்ணைச் சுரண்டி மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். சில மணிகள் நசுக்கினால் வெறும் தோலாக இருந்தன. மரம் பிழைத்தது. இடப்பக்கத்து முதல் கிளை பிழைக்கவில்லை.

ஆனாலும் இதற்கும் ஒரு இடம் உண்டு. தரையில் அல்லது ஆழமான வளர்ப்புத் தொட்டியில் பருக்கவிடும் இளம் மரங்கள், நிழல்வலை அடியில் இருப்பவை, தை, மாசி மாதங்களின் மிதமான வெப்பம். அங்கே பையில் சொன்னதில் பாதி அளவு போட்டால் நன்றாக வேலை செய்யும். அடிக்கடி வெளியூர் போகிறவருக்கும் அது வசதிதான். தட்டுத் தொட்டி, மொட்டை மாடி, சித்திரை: இந்த மூன்றும் கூடும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

காலத்தோடு பொருத்தினால்

தை முதல் பங்குனி வரை: மழை ஓய்ந்து வெப்பம் மெல்ல ஏறும் இந்த மூன்று மாதத்தில் புண்ணாக்குக்குப் போட்டி இல்லை. மாசியில் தொட்டி மாற்றி வேரை வெட்டிய மரங்களுக்கு மட்டும் நான்கு வாரம் எதுவும் கிடையாது, துளிர் விரிந்த பிறகு பொட்டலம். காகிதப்பூ பூக்கும் நேரமும் இதுதான். அதற்குத் தழைச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இலையை ரசிக்க வேண்டியதுதான்.

சித்திரை, வைகாசி: இத்தி, ஆல், அரசு போன்றவை வெயிலில் உறங்குவதில்லை, தண்ணீர் இருந்தால் பாய்ந்து வளரும். எனவே முழுவதும் நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. பழைய பொட்டலம் இருக்கட்டும், புதிது வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடிகாலையில் அரை கிராம் கரைசல். இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத வீட்டில் அதுவும் வேண்டாம்.

ஆனி முதல் புரட்டாசி வரை: மாலை மழை, காலை வெயில். வருடத்தின் சிறந்த வளர்ச்சி. புண்ணாக்கு இரண்டு சுற்று. இலை கிள்ளிய மரங்களுக்குப் புதிய இலை முற்றும்வரை பொட்டலத்தை எடுத்துவிடுங்கள். சிறிய இலைக்காகத்தானே கிள்ளினோம்.

ஐப்பசி, கார்த்திகை: பொட்டலங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஊறிய புண்ணாக்கில் புழு நெளியும், சின்னக் கொசு போன்ற ஈக்கள் மொய்க்கும். மேகமூட்டத்தில் தழைச்சத்து கொடுத்தால் கொடி போல நீண்ட துளிர்தான் மிச்சம். நான்கு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் ஒருமுறை கரையும் உரம். மழை நின்று மார்கழி பிறந்ததும் பார்த்தால் பல மரங்கள் வெளுத்திருக்கும். பயப்பட வேண்டாம், கழுவிப் போனதன் விளைவு அது. மார்கழியில் இரண்டு முறை கரையும் உரம் கொடுத்தால் தையில் நிறம் திரும்பும்.

இது சென்னை முதல் டெல்டா வரையிலான கரையோரக் கணக்கு. வடகிழக்குப் பருவமழையை நம்பும் யாழ்ப்பாணத்துக்கும் பெரிய மாற்றம் தேவைப்படாது. கன்னியாகுமரியில் இரண்டு பருவமழையும் பெய்வதால் அங்கே பொட்டலத்தின் காலம் சுருங்கும், கரையும் உரத்தின் பங்கு கூடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்ப்பகுதி மரமான ஜூனிபர் வைத்திருப்பவர்களுக்குத்தான் ஜப்பானியக் காலண்டர் ஓரளவு ஒத்துவரும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் அங்கே புண்ணாக்கு உடைவதில்லை, போட்டும் பயனில்லை.

கடையில் நிற்பவருக்கு

ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், வீட்டில் தங்குபவர் கடலையும் வேம்பும் வாங்கிக்கொள்ளட்டும். நாய் உள்ள வீட்டுக்காரரும், எலித் தொல்லை உள்ளவரும், ஐந்தாம் மாடிப் பால்கனியில் நான்கு தொட்டி வைத்திருப்பவரும் 19:19:19 பையையும், அரை கிராம் காட்டும் சின்னத் தராசையும் வாங்கலாம். தராசு வாங்க மனமில்லாதவர் பையையும் வாங்க வேண்டாம். இரண்டு வாங்க முடிந்தால் புண்ணாக்கும் கரையும் உரமும், மழைக்கு ஏற்ப மாறி மாறி. குருணை, வளர்ப்புத் தொட்டி வைத்திருப்பவருக்கு.

சமீபத்தில் தொட்டி மாற்றிய மரம், இலை உதிர்த்துச் சோர்ந்து நிற்கும் மரம், வேர் அழுகல் சந்தேகம் உள்ள மரம் ஆகியவற்றுக்காகக் கடைக்கு வந்திருந்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வடிகால் துளையைக் குத்திப் பாருங்கள். அடைபட்டிருக்கும்.